வெளியே வைக்கப்பட்டவர்கள்: 'எக்ஸ்போஸ்டோ' என்றொரு குடும்பப் பெயர்



ஒருவரின் பெயரால் நடக்கும் நிகழ்வில் பெயரைப் பற்றியே பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் ஊர்ப் பெயர் அல்ல. போர்த்துக்கலிலிருந்தும் அதன் தீவுகளிலிருந்தும் 19ஆம் நூற்றாண்டில் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய ஏழைகளில் சிலர் சுமந்து சென்ற, இன்று அரிதாகிப்போன ஒரு குடும்பப் பெயர்: எக்ஸ்போஸ்டோ. பெண்ணானால் எக்ஸ்போஸ்டா. தலித் இலக்கிய மேடையில் போர்த்துக்கீசியப் பெயருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். பொருளைச் சொன்னதும் அந்தக் கேள்வி பாதி போய்விடும்.

போர்த்துக்கீசியப் பெயர்கள் நமக்குப் புதியவை அல்ல. 1530களில் முத்துக்குளித்துறையில் பரதவர்கள் கிறித்தவத்தை ஏற்றபோது வந்தவை இன்றும் தூத்துக்குடியில் புழங்குகின்றன. பெர்னாண்டோ, பெரேரா, ரொட்ரிகோ என்று கடைப் பலகைகளில் வாசித்திருப்போம். போர்த்துக்கலில் இவை இரண்டு வகை. பெர்னாண்டஸ் என்றால் பெர்னாண்டோவின் மகன், ரொட்ரிகஸ் என்றால் ரொட்ரிகோவின் மகன். அதாவது தகப்பனைச் சொல்லும் பெயர்கள். பெரேரா என்றால் பேரிக்காய் மரம். அது நிலத்தை, ஊரைச் சொல்லும் பெயர். ஆக, ஒரு மனிதனின் குடும்பப் பெயர் 'இன்னார் மகன்' என்றோ 'இன்ன ஊரான்' என்றோ அறிவிக்கிறது. எக்ஸ்போஸ்டோ இந்த இரண்டில் எதையும் சொல்லவில்லை. 'வெளியே வைக்கப்பட்டவன்' என்று மட்டும் சொல்கிறது. லத்தீனில் 'வெளியே வை' என்ற வினையிலிருந்து வந்த எச்சம் அது.

பிறந்த குழந்தையை யாரோ வெளியே வைத்தார்கள். யார் வைத்தார்கள் என்பதைப் பெயர் சொல்லாது. செயப்பாட்டுவினையின் வசதியே அதுதான்: செய்தவரைக் காட்டாமல் செயலைப் பட்டவர் மீதே ஒட்டிவிடலாம். தாழ்த்தப்பட்டவர், ஒடுக்கப்பட்டவர், தீண்டப்படாதவர் என்ற சொற்களோடு வளர்ந்த நமக்கு இந்த இலக்கணத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தலித் என்ற சொல்லும் நொறுக்கப்பட்ட என்ற எச்சம்தான். ஆனால் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. தலித் என்பது நொறுக்கப்பட்டவர்கள் தாங்களே எடுத்துக்கொண்ட பெயர். கேட்டவுடன் 'நொறுக்கியது யார்' என்ற கேள்வியை எழுப்புவதற்காகவே எடுத்துக்கொண்ட பெயர். எக்ஸ்போஸ்டோ பதிவேட்டில் எழுதப்பட்ட பெயர். அந்தக் கேள்வி எழக் கூடாது என்பதற்காகவே ஒரு முழு ஏற்பாடு இருந்தது. அந்த ஏற்பாட்டைத்தான் சற்று விரிவாகப் பார்க்கப்போகிறோம்.

போர்த்துக்கீசிய மொழியில் அதற்கு 'ரோடா' என்று பெயர். சக்கரம் என்று பொருள். கட்டடச் சுவரில் பதித்த மர உருளை. செங்குத்தான அச்சில் சுழலும். ஒரு பக்கம் மட்டும் திறப்பு. இரவில் வருபவர் தெருப் பக்கத் திறப்பில் குழந்தையை வைத்து உருளையைத் திருப்பி, மணியை அடித்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே இருக்கும் காவல்பெண் குழந்தையை எடுத்துக்கொள்வார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. குழந்தையை ஏற்றுக்கொள்ளவும், வைத்தவரை அறியாமல் இருக்கவும் ஒரே கருவி.

இந்த முறையை ரோமில் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் இன்னசென்ட் பாப்பரசர் தொடங்கினார் என்பது மரபு. ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகளில் பரவியது. போர்த்துக்கலில் 1498இல் லிஸ்பனில் தொடங்கி நாடெங்கும் கிளைத்த மிசெரிகோர்தியா என்ற அறநிலையங்களும் நகராட்சிகளும் கைவிடப்பட்ட குழந்தைகளின் பொறுப்பை ஏற்றன. ஆனால் ஊருக்கொரு ரோடா இருக்க வேண்டும் என்று 1783இல் ஆணையிட்டவர் ஆயர் அல்ல, நாட்டின் காவல்துறைத் தலைவர் பினா மனிக். இந்த விவரத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். சிசுக்கொலையைத் தடுப்பது ஒரு நோக்கம். மக்கள்தொகையைப் பெருக்குவது இன்னொன்று. பேரரசுக்கு உழவரும் படைவீரரும் மாலுமிகளும் வேண்டும். கருணை சுவரைக் கட்டியது, காவல்துறை கணக்கு எழுதியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு மிக நுணுக்கமானது. குழந்தை வந்த நாள், நேரம், உடுத்தியிருந்த துணி, உடன் இருந்த பொருள் எல்லாம் பதிவாகும். ஞானஸ்நானம் கொடுத்து ஒரு பெயர் வைப்பார்கள். ஜோவோ, மரியா, ஜோசே. பெற்றோர் பெயர் வர வேண்டிய இடத்தில் 'பெற்றோர் அறியப்படாதவர்'. பெயருக்குப் பின்னால் 'எக்ஸ்போஸ்டோ'. பிறகு கூலிக்குப் பாலூட்டும் கிராமத்துப் பெண்ணிடம் குழந்தை அனுப்பப்படும். பெரிய நகரங்களின் ரோடாக்களில் வந்த குழந்தைகளில் பாதிக்கும் மேல் தப்பவில்லை. தப்பியவர்களுக்கு 7 வயது வரை பராமரிப்புத் தொகை உண்டு. அதன்பின் அவர்களை எடுத்துக்கொள்ளும் வீடுகளில் 12 வயது வரை சோற்றுக்கும் துணிக்கும் மட்டும் உழைக்க வேண்டும், கூலி கிடையாது. பண்ணையாள் முறையை அறிந்தவர்களுக்கு இந்த வயதுக் கணக்கு அதிர்ச்சி தராது. ஆடு மேய்க்க அனுப்பும் வயதுதான்.

குழந்தையை வைத்தவர்கள் யார்? ஊர் சொன்னது 'கெட்டுப்போன பெண்கள்' என்று. மணமாகாத தாய்மார் நிறைய இருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் இன்னொரு வாய்க்குச் சோறு போட முடியாத திருமணமான ஏழைகளும் வைத்தார்கள். நிலைமை தேறியதும் திரும்பி வந்து கேட்டவர்களும் உண்டு. எப்படியானாலும் அவமானம் தாய் மீதும் குழந்தை மீதும்தான் விழுந்தது. தகப்பன் என்ற ஆளே காணவில்லை. 1867 இதற்கு நல்ல சாட்சி. அந்த ஆண்டுதான் போர்த்துக்கலில் ரோடாக்களை ஒழிக்கும் ஆணை வந்தது. அது உடனே நிலைக்கவில்லை என்றாலும் அடுத்து வந்த ஆண்டுகளில் ரோடாக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதே 1867இல் வந்த உரிமையியல் சட்டத்தொகுப்பு, திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையின் தகப்பன் யார் என்று நீதிமன்றத்தில் விசாரிப்பதைச் சில விலக்குகள் தவிரத் தடை செய்தது. மரச் சக்கரம் போனது. தகப்பனை மறைக்கும் சுவரைச் சட்டம் எழுப்பிக்கொண்டது. எமிலி என்ற கல்வி நூலை எழுதிய ரூசோ தன் ஐந்து குழந்தைகளையும் பாரிசின் கைவிடப்பட்டோர் இல்லத்துக்கு அனுப்பியவர் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனி இரத்தத்தின் விஷயம். சாதியைக் குறிக்க ஆங்கிலம் பயன்படுத்தும் சொல் 'காஸ்டா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது என்பதைச் சமூகவியல் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே படித்துவிடுகிறார்கள். இனம், வகை, மரபு வழி என்று அதற்குப் பொருள். அந்தச் சொல்லோடு இங்கே வந்தவர்களின் சொந்த நாட்டில் 'இரத்தத் தூய்மை' என்ற விதி இருந்தது. யூத, முஸ்லிம், கறுப்பின முன்னோர் இல்லை என்று தலைமுறைக் கணக்கைக் காட்டினால்தான் பல பதவிகள், குருத்துவம், சபை உறுப்பு. பழைய கிறித்தவர், புதிய கிறித்தவர் என்ற பாகுபாட்டை 1773இல்தான் பொம்பாலின் அரசு சட்டப்படி நீக்கியது. அப்படிப்பட்ட சமூகத்தில் முன்னோரே தெரியாத ஒருவன் எங்கே நிற்பான்? அவனுடைய இரத்தத்தில் தீட்டு உண்டு என்று நிறுவ வழியில்லை, இல்லை என்று நிறுவவும் வழியில்லை. பிறப்பால் மனிதரை அடுக்கும் எந்த ஒழுங்குக்கும் இப்படிப்பட்டவன் பெரிய தலைவலி. அவன் இருப்பே அந்த ஒழுங்கின் பொய்யைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால்தான் பிறப்புத் தெரியாது என்பதையே ஒரு பிறப்பாக மாற்றிப் பெயருக்குப் பக்கத்தில் எழுதினார்கள்.

பிரேசிலுக்குப் போனால் கதை இன்னும் கடுமையாகிறது. சால்வடாரில் 1726இலும் ரியோ டி ஜெனிரோவில் 1738இலும் ரோடா வந்தது. 1775இன் அரசாணைப்படி ரோடாவில் வைக்கப்பட்ட குழந்தை எந்த நிறமானாலும் சுதந்திரப் பிறவி. இதை அறிந்த அடிமைப் பெண்கள் சிலர் தம் குழந்தையை இரவோடிரவாக அங்கே கொண்டு வைத்தார்கள். உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் குழந்தை விடுதலை. விலை, அந்தக் குழந்தை இனித் தன் தாய் யாரென்று ஒருபோதும் அறியாது. இதே உருளையை எஜமானர்களும் பயன்படுத்தினார்கள். பிள்ளை பெற்ற அடிமைப் பெண்ணைப் பணக்கார வீடுகளுக்குப் பாலூட்ட வாடகைக்கு விட்டால் நல்ல வருமானம். அவள் குழந்தை அதற்கு இடைஞ்சல். எனவே அதை எடுத்துப்போய் ரோடாவில் வைத்துவிட்டு அவள் பாலை விற்றார்கள். ஒரே பதிவேட்டில், ஒரே சொல்லின் கீழ், தாய் கொடுத்த விடுதலையும் ஆண்டை செய்த திருட்டும் வரிசையாக இருக்கின்றன. 'எக்ஸ்போஸ்டோ' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு எது எது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெயர் எதை மறைக்கிறது என்று கேட்டால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். பிரேசிலில் அடிமைமுறை 1888இல் ஒழிந்தது. சாவ் பாவ்லோவின் ரோடா அதற்குப் பின்னும் அறுபது ஆண்டுகளுக்கு மேல், 1950 வாக்கில்தான் நின்றது.

இத்தனை ஆயிரம் குழந்தைகளுக்கு எழுதப்பட்ட சொல், குடும்பப் பெயராக ஏன் அரிதாக இருக்கிறது? இத்தாலியோடு ஒப்பிட்டால் புரியும். நேப்பிள்ஸ் நகரின் அனுன்சியாத்தா இல்லத்தில் வைக்கப்பட்ட குழந்தைகளின் கழுத்தில் ஈய முத்திரை கட்டி 'எஸ்பொசித்தோ' என்று பெயரிட்டார்கள். அதே லத்தீன் வேர், அதே பொருள். 1810களில் அங்கே ஆண்ட மூரா அந்தப் பெயரை வைப்பதைத் தடை செய்தார். ஆனாலும் அதற்குள் அது நிலைத்துப் பெருகி இன்று நேப்பிள்ஸ் பகுதியின் மிகப் பரவலான குடும்பப் பெயராகிவிட்டது. இவ்வளவு பேர் சுமந்தபின் அதில் இழிவு தங்க இடமில்லை. ஸ்பெயினில் நான்காம் கார்லோஸ் மன்னர் 1794இல் கைவிடப்பட்ட குழந்தைகளைச் சட்டப்படி முறையான பிறப்பினராக அறிவித்து, அவர்களைப் பிறப்பைச் சொல்லி வைவதைத் தண்டனைக்குரியதாக்கினார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் ஒரு பிரிவை வாசிப்பது போல இருக்கிறது.

போர்த்துக்கலில் நடந்தது வேறு. அங்கே 1911இல் குடிமைப் பதிவு கட்டாயமாகும் வரை குடும்பப் பெயர் இறுகவே இல்லை. உடன்பிறந்தவர்களே வெவ்வேறு பெயர் வைத்துக்கொள்வார்கள். ஏழைப் பெண்கள் பெரும்பாலும் பக்திப் பெயர்களைச் சூடினார்கள்: டி ஜெசுஸ், டோஸ் சாந்தோஸ், டா கொன்செய்சாவ், டோ எஸ்பிரித்து சாந்து. இயேசுவின், புனிதர்களின், மாதாவின், பரிசுத்த ஆவியின் என்று பொருள். வளர்ந்த எக்ஸ்போஸ்டோக்களில் பலர் இந்தக் கூட்டத்துக்குள் நழுவி மறைந்தார்கள். சிலர் வளர்த்தவர் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பெயர்கள் அவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. பெயர் டோஸ் சாந்தோஸ் என்பதாலேயே ஒருவர் கைவிடப்பட்டவர் வழி என்று முடிவுகட்டுவது தவறு. எல்லோரும் சூடும் பெயராக இருந்ததால்தான் ஒளிந்துகொள்ள உதவியது.

தகப்பன் பெயர் இல்லாதவனைக் கடவுளின் பிள்ளை ஆக்குவது நமக்குப் பழக்கமான வைத்தியம். 'ஹரிஜன்' என்று காந்தி அழைத்தபோது 'எங்கள் தகப்பன் யாரென்று தெரியாதா, எங்களை மட்டும் ஏன் கடவுளின் பிள்ளை என்கிறீர்கள்' என்று நம் பெரியவர்கள் கேட்டார்கள். 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதாவில் அந்தச் சொல்லைப் போட்டபோது அம்பேத்கரும் அவரது சுதந்திரத் தொழிலாளர் கட்சியினரும் வெளிநடப்புச் செய்தார்கள். லிஸ்பனின் எக்ஸ்போஸ்டோவுக்கு வெளிநடப்புச் செய்ய மன்றம் இருந்ததில்லை. அவர்கள் ஓர் ஊரில் சேர்ந்து வாழவில்லை, சேரியாகவில்லை, சங்கமாகவில்லை. ஒவ்வொருவராகத் தனித்து இழிவைச் சுமந்தார்கள், ஒவ்வொருவராகத் தப்பித்தார்கள். எனவே பெயரை மறைப்பது ஒன்றே அவர்களுக்கு வாய்த்த அரசியல். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நகரத்தில் வாடகை வீடு தேடும் நம் பிள்ளைகளிடம் போய் அப்படிச் சொல்ல முடியுமா?

தப்பிக்க இன்னொரு வழி கடல். 1878 செப்டம்பரில் 'பிரிசில்லா' என்ற கப்பல் மதீரா தீவிலிருந்து சுமார் 120 பேரை ஹவாயின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அடுத்து அசோர்ஸ் தீவுகளிலிருந்தும் கப்பல்கள் போயின. மதீராவிலிருந்து ஆள் எடுக்கலாம் என்று தோட்ட முதலாளிகளுக்கு யோசனை சொன்னவர் ஹொனலுலுவில் கடை வைத்திருந்த ஜசிந்து பெரேரா. அங்கே ஊரார் அவரை அழைத்தது ஜேசன் பெர்ரி என்று. பேரிக்காய் மரம் ஒலியளவில் ஆங்கிலமாகிவிட்டது. ரொட்ரிகஸ் ரோஜர்ஸ் ஆனார், இனாசியு ஈனோஸ் ஆனார். 1879இல் போய் யுகுலேலே என்ற சிறு நரம்பிசைக் கருவியை உருவாக்கிய மூன்று தச்சர்களில் ஒருவரின் பெயர் ஜோசே டோ எஸ்பிரித்து சாந்து. புலம்பெயர்ந்தவர்களின் பெயரைக் குடிநுழைவு அதிகாரிகள் மாற்றினார்கள் என்று அமெரிக்காவில் ஒரு கதை உண்டு. நியூயார்க்கில் அதிகாரிகள் கப்பல் புறப்பட்ட இடத்தில் எழுதப்பட்ட பட்டியலை வைத்துத்தான் சரிபார்த்தார்கள். மாற்றம் பெரும்பாலும் பின்னால், சம்பளப் பட்டியலிலும் பள்ளியிலும், சிலசமயம் தாமே விரும்பியும் நடந்தது.

இந்த நகர்வில் எக்ஸ்போஸ்டோ என்ற சொல்லுக்கு இரண்டு கதி. இறுகிய குடும்பப் பெயரை எதிர்பார்க்கும் அலுவலகம், பெயருக்குப் பின்னால் குறிப்பாக எழுதியிருந்த சொல்லையே குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டால் அது பேரப்பிள்ளைகள் வரை போகும்; பொருள் தெரியாத நாட்டில் அது வெறும் ஒலி. அல்லது கப்பலில் ஏறும்போதே அது கழன்றுவிடும். இன்று அந்தக் குடும்பங்களின் வாரிசுகள் வேர் தேடித் தீவுகளின் பங்குப் பதிவேடுகளைப் புரட்டும்போது, கொள்ளுப்பாட்டியின் ஞானஸ்நானக் குறிப்பில் அந்தச் சொல் எதிர்ப்படும். அத்தோடு மரபுக் கொடி நின்றுவிடும்.

பழைய பெயர் போனதும் புதிய நாடு சும்மா விட்டுவிடவில்லை. ஹவாய்த் தோட்டங்களில் தொழிலாளர்களுக்கு 'பாங்கோ' என்ற எண் பொறித்த தகடு கொடுத்தார்கள். எண்தான் அங்கே பெயர். 1910 முதல் 1930 வரை ஹவாயில் எடுக்கப்பட்ட குடிக்கணக்குகள் போர்த்துக்கீசியர் என்று ஒரு பிரிவையும், 'பிற வெள்ளையர்' என்று இன்னொரு பிரிவையும் வைத்தன. இங்கே கறுப்பர்களை அடிமையாக்கிய, இரத்தத் தூய்மை பேசிய நாட்டின் ஏழை மக்கள், அங்கே வெள்ளையருக்குள் அரை வெள்ளையரானார்கள். தோட்டக் கங்காணிகளாகச் சிலர் உயர்ந்து ஜப்பானிய, சீனக் கூலிகளை விரட்டவும் செய்தார்கள். படிநிலை எங்கே போனாலும் தனக்குக் கீழே ஒருவரைத் தேடிக்கொடுக்கும்.

நமக்கு வருவோம். ரோடாவைப் பற்றிக் கேட்டதும் உங்களில் பலருக்கு நினைவுக்கு வந்திருக்கும்: 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம். பெண்சிசுக் கொலையைத் தடுக்க வந்தது. ஆகவே நோக்கத்தில் பாதி ஒன்று, பாதி வேறு. நான் சுட்ட விரும்புவது பதிவேட்டின் பத்தியை. தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், சாதிப் பெயர்களுக்கு நடுவே, 10 வயதுக்கு முன் பெற்றோரை இழந்து இல்லங்களில் சேர்க்கப்பட்ட ஆதரவற்ற குழந்தைகளும் ஓர் இனமாக இருக்கிறார்கள். அதனால் கிடைக்கும் இடஒதுக்கீடு அவர்களுக்கு வேண்டியதுதான். நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் சாதி எதுவென்று தெரியாத குழந்தையைக்கூடச் சாதிப் பட்டியலின் ஒரு வரியில் உட்கார வைத்தால்தான் நம் அலுவலகக் கணக்கு முடிகிறது என்பதைக் கவனியுங்கள். என் பள்ளி மாற்றுச் சான்றிதழில் என் பெயரைவிட அந்தப் பத்திக்குத்தான் இடம் அதிகம்.

பெயரை மாற்றச் சொல்லி நாம் அரசை நிர்ப்பந்தித்ததும் வரலாறு. எம்.சி. ராஜா உள்ளிட்டோரின் முயற்சியால் 1922இல் சென்னை அரசு பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதில் ஆதிதிராவிடர் என்று எழுத ஆணையிட்டது. ஆதி என்ற சொல்லில் 'நாங்கள் வெளியே வைக்கப்பட்டவர்கள் அல்ல, முதலில் இருந்தவர்கள்' என்ற வாதம் இருக்கிறது. பெயருக்குள் வாதத்தை வைக்க ஒரு திரள் வேண்டும். எக்ஸ்போஸ்டோக்களுக்கு அமையாதது அதுதான்.

ஆய்வுக்குப் போகும் மாணவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லிஸ்பன் மிசெரிகோர்தியாவின் ஆவணக் காப்பகத்தில், குழந்தையோடு வைக்கப்பட்ட அடையாளங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ரிப்பன் துண்டு, பாதியாக வெட்டிய சீட்டு, உடைத்த பதக்கம், ஒரு வரி எழுதிய காகிதம். மறுபாதியைக் கொண்டுவந்து பொருத்திக் காட்டினால் குழந்தையை அடையாளம் காணலாம் என்பதற்காக. எழுதத் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் சொல்லி எழுதிக்கொண்டார்கள். அந்தக் காகிதங்கள் பலவற்றில் உள்ள செய்தி ஒரே மாதிரியானது: குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டதா இல்லையா, ஆகவில்லை என்றால் அதற்கு என்ன பெயர் வைக்க வேண்டும்.